கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

தொண்டை நாட்டுக் குன்றத்தூர் தமிழ் கற்போர்க்குப் புதியதோர் ஊர் அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு அமைச்சராய் இருந்து, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த பதி அது. ஊரின்கண் சிறு குன்றொன்று உண்டு. அதன்மேல் முருகன் கோயில் உண்டு. நாம் பிறந்து வளர்ந்ததும் அவ்வூரிலேயே. இந்நாளில் ஒரகடம், ஸ்ரீபெரும்பூதூர் முதலிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விடியுமுன்னரே எம் தெருமுனையில் வந்து நிற்கும். கிருத்திகை நாட்களில் அவற்றின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, குன்றின் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்குரல் எழும். அக்குரலில் நடுக்கம் இல்லை, குழைவு இல்லை, கெஞ்சுதலும் இல்லை. இறைவனையே எதிரில் நிறுத்தி வழக்குரைப்பதுபோல் அது ஒலிக்கும். அக்குரலுக்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

நாம் கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றினோம். குன்றின்மேல் வழிபடச் செல்வதில்லை. ஆயினும் அக்குரலைக் கேட்டே வளர்ந்தோம். எம் இல்லத்தில் எம் அத்தையார் ஒருவர் இருக்கிறார். ஒருகாலத்தில் எம் ஆலயப் பாடகர் குழுவில் முதற்குரல் அவருடையதே. முப்பதாம் பிராயத்தில் கணவரை இழந்தார். வண்ணப் புடவையை விட்டார். அதனோடு பாட்டையும் விட்டார். பாடவேண்டாம் என்று அவரிடம் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாடுங்கள் என்று சொன்னவரும் எவரும் இல்லை. அவர் இப்பொழுது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு ஒரு கிருத்திகை விடியலில், பேருந்தின் வரவு நோக்கி எம்முடன் நின்றவர், குன்றிலிருந்து வந்த குரலைச் சற்றுநேரம் கேட்டிருந்து, இவ்வம்மையாரும் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர் அல்லவா என்று வினவினார். பேருந்து வந்துவிட்டது, ஏறிச் சென்றார். அவ்வினா எம்மிடமே தங்கிவிட்டது. அதன் பயனே இக்கட்டுரை.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொடுமுடியில் பிறந்தார். கொடுமுடி, இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ளது. தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி அவ்விடத்தே கிழக்கு முகமாய்த் திரும்புகிறது. தேவாரம் பெற்ற திருத்தலமும் அதுவே. அன்னையார் பெயர் பாலாம்பாள். அம்மையார் பெயரின் முன்னுள்ள இரண்டெழுத்துக்களில் முதலாவது ஊரைக் குறிப்பது. இரண்டாவது அன்னையைக் குறிப்பது. தந்தையின் பெயரை முதலெழுத்தாய்க் கொள்வதே பெருவழக்காயிருக்கும் நாட்டில், அன்னையின் பெயரைத் தலைமேல் தாங்கி ஒருவர் பெரும்புகழ் எய்தினார் என்பது கருதத்தக்கது. தந்தை இளமையிலேயே மறைந்துபோகப் பிள்ளைகளை வளர்க்கும் பாரம் முழுதும் பாலாம்பாள்மீது விழுந்தது. வறுமை அக்குடும்பத்தை விடாது பற்றிற்று.

ஓடும் புகைவண்டியில் பாடிக் காசு பெறுதலே அச்சிறுமிக்கு வாய்த்த முதல் அரங்கு. சக்கரங்களின் ஓசைக்கு மேலே எழவேண்டும். உறங்குவோரையும் உரையாடுவோரையும் திரும்பிப் பார்க்கச் செய்யவேண்டும். அடுத்த நிலையம் வருமுன் காசு கைக்கு வரவேண்டும். இத்தகைய பள்ளியில் பயின்ற குரல் பின்னாளில் எவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் அஞ்சாதிருந்ததில் வியப்பில்லை. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அதிகாரியாயிருந்தவரும் நாடகக் கலையில் பெரும் பற்றுடையவருமான எப். ஜி. நடேசய்யர் அக்குரலைச் செவியுற்று, வேலு நாயர் நடத்திய நாடகக் குழுவுக்குச் சிறுமியை அறிமுகம் செய்து வைத்தார் என்பது பலரும் கூறும் வரலாறு. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் மூத்த பிள்ளையாய் அவர் முதலில் மேடையேறினார் என்பர். பசிக்காகப் பாடிய குழந்தை பசித்த குழந்தையாய் நடித்தது. அதற்கு நடிப்புக் கற்பிக்க ஆசிரியர் எவரும் வேண்டியிருந்திராது.

அக்காலத்து நாடகமேடை இன்னதென்பதை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். 1922ஆம் ஆண்டில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதித் தந்த நாடகங்களே பெரும்பாலும் ஊர்தோறும் ஆடப்பெற்றன. பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய குழுக்களில் சிறுவர்களே பெண்வேடமும் பூண்டனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு குழு நடத்திப் பெயர் பெற்றிருந்தார். எனினும் மேடையேறும் பெண்ணை ஊர் மதிப்போடு நோக்கவில்லை. இவையன்றி ஸ்பெஷல் நாடகம் என்பது ஒன்று. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள், முன் ஒத்திகையின்றி, ஓரிரவில் ஒன்றுகூடி ஆடுவர். கதை எல்லோர்க்கும் தெரிந்ததே. பாட்டும் வாதமும் அவரவர் திறமை. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியுமட்டும் நடக்கும். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையிலமர்ந்தவனுக்குக் கேளாத பாட்டு, பாட்டாகாது. எனவே உச்ச சுருதியில் பாடவல்லவரே நிலைத்தனர். பாடத் தெரியாத நடிகர்க்கு அங்கே இடமில்லை.

இம்மேடையில் சுந்தராம்பாள் படிப்படியாய் உயர்ந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சாரங்கதரா, அரிச்சந்திரா, நந்தனார் முதலியவற்றில் நடித்தார். கிறிஸ்தவக் கதையாகிய ஞானசௌந்தரியும் அவர் நடித்த நாடகங்களுள் ஒன்று. பெண்வேடமேயன்றி ஆண்வேடமும், அதிலும் இராஜபார்ட் எனப்படும் தலைமை வேடமும் பூண்டார். இலங்கையிலும் அவர்க்குப் பெருங்கூட்டம் கூடிற்று. அவ்விலங்கை மேடையிலேதான், 1926ஆம் ஆண்டளவில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவரோடு இணைந்து நடிக்கலானார்.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுவயது முதலே மேடையில் வளர்ந்தவர். அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். கிட்டப்பாவின் குரல் எட்டாத உயரத்தை எளிதில் எட்டுவது. எட்டிய இடத்தில் நின்று விளையாடுவது. அவர் வேலனாய் வருவார். சுந்தராம்பாள் வள்ளியாய்த் தினைப்புனம் காப்பார். வேலன் பாட்டால் மடக்க, வள்ளி பாட்டால் திருப்புவார். ஒருவர் ஏறிய படிக்கு மற்றவர் ஒரு படி மேலே ஏறுவார். கேட்போர்க்கு அது நாடகமோ, போட்டியோ, காதலோ என்று பிரித்தறிய இயலவில்லை. அவர்க்கே அவ்வேறுபாடு தெரிந்திருக்குமோ என்பதும் ஐயமே. 1927ஆம் ஆண்டில் இருவரும் மணந்துகொண்டனர்.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தல் தகாது. கிட்டப்பா பிராமண குலத்தவர், ஏற்கெனவே மணமானவர். ஆகவே சுந்தராம்பாள் ஏற்ற இல்வாழ்க்கை தொடக்கம் முதலே முழுமையானதன்று. மேடையில் சமமாய் நின்றவர், வீட்டில் சமமாய் நிற்க இயலவில்லை. கிட்டப்பாவைக் குடிப்பழக்கம் பற்றிக்கொண்டது. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. அவர்க்கு அம்மையார் எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்தன. அவற்றைப் படிப்போர் அங்கே புகழ்பெற்ற நடிகையைக் காண்பதில்லை. கணவன் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்கும் ஓர் இளம்பெண்ணையே காண்பர். உடல் நலிந்து, 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தமது இருபத்தேழாம் பிராயத்தில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து.

அன்று முதல் அவர் வெள்ளைப் புடவையே உடுத்தினார், அணிகலன்களை நீக்கினார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். வள்ளியாய் மீண்டும் தினைப்புனம் காக்க அவர் வரவில்லை. அவ்வுறுதியை நாற்பத்தாறு ஆண்டுக்குமேல், தம் இறுதிவரை காத்தார். இவ்வளவே நடந்திருப்பின், அவர் வரலாறு நம் நாட்டில் ஆயிரமாயிரம் பெண்களின் வரலாற்றோடு ஒன்றாய்க் கலந்து மறைந்திருக்கும். ஆனால் அவர் ஒன்றை மட்டும் விடவில்லை. சின்னாள் ஒதுங்கியிருந்தபின் மீண்டும் மக்கள் முன் வந்து பாடினார். இளமைக் கோலத்தை விட்டார், காதல் வேடத்தை விட்டார், பாட்டை விட்டாரல்லர். நாம் இக்கட்டுரையில் சொல்ல வந்தது இவ்வொன்றே.

வெண்ணுடையோடு ஒரு பெண் மேடையில் அமர்தலை அக்கால மக்கள் எவ்வாறு ஏற்றனர்? கைம்பெண்ணை எதிரில் கண்டால் சகுனப்பிழை என்று வழி திரும்பிய காலம் அது. அந்நாட்டிலேயே, அவர் பாட்டைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கிக் காத்துநின்றனர். சமுதாயத்தின் விதி ஒருபுறமும் அதன் செவி மறுபுறமுமாய் நின்றன. இறுதியில் செவியே வென்றது.

நிற்க. 1931ஆம் ஆண்டில் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்த பின்னர், நாடகமேடைப் பாடகர்களைப் படமுதலாளிகள் தேடி அலைந்தனர். பின்னணிப் பாட்டு முறை அப்போது வரவில்லை, நடிப்பவரே பாடவேண்டும். அசன்தாஸ் என்னும் படமுதலாளி நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிச் சுந்தராம்பாளை அணுகினார். அம்மையார்க்கு விருப்பமில்லை. மறுத்துரைப்பதற்கு மாறாக, எவரும் தரத் துணியாத தொகை ஒன்றைக் கேட்டுவிட்டால் அவரே விலகிச் செல்வார் என எண்ணி, இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அவரோ விலகவில்லை, தர இசைந்துவிட்டார். இந்தியத் திரையுலகில் ஒரு படத்துக்கு அத்தொகை பெற்ற முதற் கலைஞர் அம்மையாரே என்று சொல்லப்படுகிறது. புகைவண்டியில் காசுக்குப் பாடிய சிறுமியின் குரலுக்கு, இருபது ஆண்டுக்குள் உலகம் வைத்த விலை அது.

பக்த நந்தனார் 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். நந்தனாராய்ச் சுந்தராம்பாளும், அவரை ஆளும் வேதியராய்ச் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் நடித்தனர். இங்கே குன்றத்தூர்ச் சேக்கிழாரை நினைத்தல் இன்றியமையாதது. நந்தனார் வரலாற்றை விரித்துப் பாடியவர் அவரே. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த திருநாளைப்போவார், கோயில் முரசங்களுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்து வந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இசைக்கருவிக்கு உயிர் தந்தவர், அவ்விசை ஒலிக்கும் வாயிலுள் நுழைதல் ஆகாது! சேக்கிழார் நூலில் கொடுமை செய்யும் வேதியர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைக் கதையுள் கொணர்ந்தார். ஊரெங்கும் பரவிய கதை பாரதியார் கதையே. படமும் அதனையே தழுவிற்று.

கதைப்படி, நந்தனாரின் பெருமையை உணர்ந்த வேதியர் அவர் காலில் விழவேண்டும். புகழ்பெற்ற பிராமண வித்வான் ஒருவர், தாழ்த்தப்பட்ட குலத்தவராய் வேடமிட்ட ஒரு பெண்ணின் காலில் விழுவதை வைதிகர் பலர் பொறாது முணுமுணுத்தனர் என்பர். படத்தின் கலைச்சிறப்பைக் குறைகூறி எழுதியவரும் உண்டு. இன்று நாம் நோக்குங்கால், அப்படம் வந்த காலமே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. தீண்டாமையை எதிர்த்துக் காந்தியடிகள் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தது 1934இல். படம் வந்தது 1935இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939இல். அதே 1939இல், கடல் கடந்த வாஷிங்டன் மாநகரில், மேரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு ஒரு பெருமண்டபம் மறுக்கப்பட்டது. அவர் ஆபிரகாம் லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று, திறந்தவெளியில் எழுபத்தையாயிரம் பேர்க்குப் பாடினார். வாயிலில் நிறுத்தப்பட்டவரின் பாட்டு உள்ளே இருப்போரையும் வெளியே அழைத்துவரும் என்பதற்கு ஆதனூரும் ஒன்று, வாஷிங்டனும் ஒன்று. அம்மையாரும் ஒருவகையில் வாயிலில் நிறுத்தப்பட்டவரே. மங்கலக் காரியங்களின் வாயிற்படி கைம்பெண்ணுக்கு அடைபட்டிருந்த காலத்தில், வாயிற்படி தாண்டமுடியாத நந்தனாராய் அவர் நின்று பாடினார்.

காங்கிரஸ் இயக்கத்துக்கு அவர் செய்த தொண்டும் பெரிது. 1943இல் மறைந்த தலைவர் சத்தியமூர்த்தி நாடகக் கலையை நன்கு உணர்ந்தவர்; தாமும் மேடையேறியவர். மக்கள் பலர் எழுத்தறியாத நாட்டில், பத்திரிகை செல்லாத இடத்துக்கும் பாட்டுச் செல்லும் என அவர் கண்டார். அவர் ஊக்கத்தால் அம்மையார் தேசியப் பாடல்களை இசைத்தட்டுகளில் பாடினார், கதர் உடுத்தினார், 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊரூராய்ச் சென்று பாடினார். பேச்சைக் கேட்க வராதவரும் பாட்டைக் கேட்க வந்தனர். வந்தவர் இருந்து பேச்சையும் கேட்டனர். அத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. அவ்வெற்றிக்குக் காரணங்கள் பல; அவற்றுள் ஒன்று கொடுமுடியில் பிறந்தது என்றால் மிகையாகாது. காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையார் இல்லம் வந்தபோது பொற்றட்டில் உணவு படைத்தார் என்றும், உணவு மட்டுந்தானோ, தட்டு இல்லையோ என அடிகள் நகைத்துக் கேட்க, அத்தட்டையும் அம்மையார் உடனே தந்துவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

விடுதலைக்குப் பின், 1950களில் அம்மையார் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினராய் அமர்ந்தார். திரைக் கலைஞருள் சட்டசபை புகுந்தவர் இந்தியாவிலேயே இவர் முதல்வர் என்பர். திரையுலகிலிருந்து முதலமைச்சர்கள் தோன்றிய தமிழ்நாட்டு வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவர், வெள்ளைப் புடவையுடுத்த ஒரு பாடகியார். அதே மேலவையில் 1952 முதல் 1956 வரை சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரும் உறுப்பினராயிருந்தார். இவர் குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். 1911இல் சென்னை இராசதானிக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சிறு வயதில் கைம்மை எய்திய பெண்களுக்கு விடுதி அமைத்துக் கல்வி தந்தவர். ஒருவர் கல்வியால் கதவைத் திறந்தார்; மற்றவர் பாட்டால் திறந்தார்.

திரைப்படத்தில் அம்மையார் ஏற்ற வேடங்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலனாகும். 1940இல் மணிமேகலையானார், மணிமேகலை இளமையிலேயே துறவு பூண்டவள். 1953இல் ஜெமினி வாசன் பெரும்பொருட் செலவில் எடுத்த ஔவையார் படத்தில் ஔவையானார்; கதையின் ஔவை, மணவாழ்வை வேண்டாது முதுமையை வரமாய்ப் பெற்றவள். 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளானார், சமணத் துறவி. 1965இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். துறந்த பெண்களாகவே அவர் திரையில் தோன்றினார். தாம் வகுத்துக்கொண்ட நெறியின் வேலிக்குள் நின்றே, அவ்வேலிக்குள் இவ்வளவு பெரிய வயல் உண்டென்று காட்டினார்.

பூம்புகாரைப் பற்றி ஒரு செய்தி சொல்லத்தக்கது. அப்படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, கட்சியாலும் கடவுட் கொள்கையாலும் அம்மையார்க்கு எதிர்ப்புறத்தில் நின்றவர். ஒரு பாட்டில் தெய்வம் எங்கே போயிற்று என்று ஐயுறும் அடி ஒன்று வந்தது. அதனைப் பாடத் தம் நெஞ்சு ஒப்பவில்லை என்று அம்மையார் மறுத்தார் என்றும், பின்னர் அவ்வடி மாற்றியெழுதப்பெற்றது என்றும் கூறுவர். மறுத்தவர்க்கும் பெருமை, மாற்றியவர்க்கும் பெருமை. கொள்கையில் வேறுபட்டோர் ஒருவரையொருவர் மதிக்கும் முறைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாம்.

1966இல் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கிற்று. 1969இல் வந்த துணைவன் படத்தில் பாடியமைக்காக, அவ்வாண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது கிடைத்தது. அப்போது அவர்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. இளங்குரல்களே விரும்பப்படும் திரையுலகில், அறுபது வயதுக் குரல் அவ்விருதைப் பெற்றது சிறிய செய்தியன்று. 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

காரைக்கால் அம்மையார் படத்தை மட்டும் நாம் இன்னுஞ் சற்று நினைக்கவேண்டும். இவ்வரலாற்றையும் விரித்துரைத்தவர் குன்றத்தூர்ச் சேக்கிழாரே. கணவன் புனிதவதியை விட்டு நீங்குகிறான். இனி இவ்வழகு எதற்கு என்று அவள் தசைப்பொதியை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறாள். ஆலங்காட்டில் இறைவன் அடிக்கீழ் இருந்து பாடுகிறாள். இளமையில் புனிதவதியாய் நடித்தவர் லட்சுமி. பேயுருக் கொண்ட அம்மையாய் நடித்தவர் சுந்தராம்பாள். இருபத்தைந்தாம் வயதில் தாம் செய்ததையே அறுபத்தைந்தாம் வயதில் அவர் நடித்துக் காட்டினார் என்று எமக்குத் தோன்றுகிறது. காரைக்கால் அம்மை அழகை உதறினாள், பாட்டை உதறவில்லை. உதறியிருந்தால் அவள் வெறும் பேய்; உதறாமையால் அவள் அம்மை.

1980ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் அம்மையார் மறைந்தார். காவிரி திரும்பும் அவ்வூரின் பெயர் இன்றும் அவர் பெயரின் முன்னே நின்று ஒலிக்கிறது.

இனி, இவ்வரலாற்றை நாம் எவ்வாறு கொள்வது? அம்மையாரின் வெண்ணுடையைப் புகழ்ந்து எழுதியோர் பலர். கற்புக்கும் காதலுக்கும் அஃது அடையாளம் என்பர். அன்பின் மிகுதியால் ஒருவர் தாமே ஏற்ற நோன்பை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் அதனை எல்லாப் பெண்களுக்கும் விதியாக்கவும் நமக்கு உரிமையில்லை. கிட்டப்பா இருந்து, சுந்தராம்பாள் மறைந்திருப்பின், அவர் வெள்ளை உடுத்துப் பாட்டை நிறுத்தவேண்டும் என்று எவரேனும் எதிர்பார்த்திருப்பரோ? இவ்வினாவை நேர்மையோடு கேட்போர்க்கு, நாம் போற்றவேண்டியது எது என்பது தானே விளங்கும். அவர் இழந்ததைப் போற்றுவது பிறர் துயரில் நாம் அழகு காண்பதாகும். அவர் இழவாது காத்ததைப் போற்றுவதே முறை. கணவரோடு தம் வாழ்வில் ஒரு பகுதி போயிற்று என்று அவர் ஒப்புக்கொண்டார். குரலும் போகவேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மாணவ நண்பர்காள்! பழைய கதை என்று இதனை ஒதுக்கிவிடற்க. வெள்ளைப் புடவை இன்று அருகிவிட்டது, மௌனம் அருகவில்லை. நம் இல்லங்களிலும், நம் ஆலயங்களின் பின்வரிசைகளிலும், பாடத் தெரிந்தும் பாடாதிருப்போர் இருக்கின்றனர். அவர்களை எவரும் தடுக்கவில்லை என்று நாம் நம்மையே தேற்றிக்கொள்கிறோம். தடுக்காமை வேறு, அழைத்தல் வேறு. கொடுமுடிச் சிறுமியைச் செவியுற்று மேடைக்கு அழைக்க ஒருவர் இருந்தார். துயரில் ஒதுங்கியிருந்த இளம்பெண்ணை மீண்டும் பாடுக என்று வேண்டப் பல்லாயிரவர் இருந்தனர். எல்லோர்க்கும் அது வாய்ப்பதில்லை.

எம் அத்தையார்க்கு இக்கட்டுரையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை படித்துக் காட்டினோம். அவர் வினாவுக்கு விடை இதுவே என்றோம். முடித்தபின், வரும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீங்கள் பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். பல ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்கவேண்டியவர்கள் நாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வேண்டிய சீருடையை மடித்துவைக்க எழுந்து சென்றார். மறுத்தாரல்லர். விடைக்காகக் காத்திருக்கிறோம்.